தாக்குதல் பயிற்சியாளரை எடைபோடுதல்

அமெரிக்கக் கால்பந்தில், பந்து தம் வசம் இருக்கும்போது அணி என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானிப்பவர் தாக்குதல் பயிற்சியாளர். தலைமைப் பயிற்சியாளருக்கு அடுத்த படியில் இருப்பவர். பத்து யார்டு முன்னேற அணிக்கு நான்கு வாய்ப்புகள் உண்டு. ஒவ்வொன்றையும் டவுன் என்பார்கள். பந்தை வீசுவதா, தூக்கிக்கொண்டு ஓடுவதா, பதினொரு பேரில் யார் எங்கே நிற்பது, யார் யாரைத் தடுப்பது என்பதெல்லாம் அடங்கிய ஒரு நகர்வை டவுனுக்கு டவுன் தேர்ந்து, களத்தில் தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக்கின் காதில் பெரும்பாலும் அவரே சொல்கிறார். முந்தைய நகர்வு முடிந்ததும் 40 விநாடிக் கடிகாரம் ஓடத் தொடங்கும். அதில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது ஹெல்மெட்டுக்குள் இருக்கும் வானொலி அணைந்துவிடும். அதன்பிறகு களத்தில் நிற்பவர்கள் பாடு. ஓர் ஆட்டத்தில் இப்படி அறுபது எழுபது முறை நடக்கும்.

இந்த அதிகாரம் பயிற்சியாளர் கைக்கு வந்தது மெல்ல மெல்லத்தான். தொடக்கத்தில் குவாட்டர்பேக்கே நகர்வைச் சொல்லிக்கொண்டிருந்தார். கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியின் பயிற்சியாளர் பால் பிரவுன், வீரர்களை மாற்றி மாற்றி உள்ளே அனுப்பி அவர்கள் வாய்வழியாக நகர்வைச் சொல்லியனுப்பினார். 1956இல் ஹெல்மெட்டில் வானொலியும் பொருத்திப் பார்த்தார். தேசியக் கால்பந்து லீக் அதைத் தடை செய்தது. 1994இல்தான் லீக் வானொலியை முறையாக அனுமதித்தது. அதன்பின் ஓர் அணியின் தாக்குதல் சரியில்லை என்றால் விரல் முதலில் நீளுவது தாக்குதல் பயிற்சியாளர் பக்கம். புதியவராக இருந்தால் இரண்டு மூன்று தோல்விகளே போதும், இவர் தேறுவாரா என்ற கேள்வி எழுந்துவிடும்.

கேள்வி நியாயமானது. அதற்கு விடை தேடும் இடம்தான் பெரும்பாலும் தவறிப்போகிறது. அணி எடுத்த புள்ளிகளைப் பார்த்துப் பயிற்சியாளரை எடைபோடுவது எளிது. ஆனால் அந்தப் புள்ளிகளில் அவர் கைக்கு உட்பட்டது எவ்வளவு என்று பிரித்தறிய வேண்டும். தற்காப்பு வீரர் ஒருவர் எதிரணியின் பந்தைப் பறித்து ஓடிக் கோல் கோட்டைக் கடந்து எடுக்கும் டச்டவுனும் அணியின் கணக்கில்தான் சேர்கிறது. எதிரணி தவறவிட்ட பந்து 20 யார்டு தூரத்தில் கிடைத்தால் தாக்குதல் பிரிவு ஒன்றும் செய்யாமலேயே உதையால் கிடைக்கும் மூன்று புள்ளி ஏறத்தாழ நிச்சயம். தற்காப்பு பலவீனமாக இருந்தால் ஒவ்வொரு முறையும் தொலைவிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். ஆட்டம் கைவிட்டுப்போன பிறகு, எதிரணி தளர்ந்து நிற்கும்போது சேரும் யார்டுகள் புள்ளிவிவரத்தை அழகாக்குமே தவிர வெற்றி தராது.

இந்தச் சிக்கலைக் கணக்கால் அவிழ்க்க முயன்றவர்களில் முன்னோடி ஒரு குவாட்டர்பேக் என்பது மகிழ்ச்சி தரும் செய்தி. சின்சினாட்டி பெங்கால்ஸ் அணிக்கு ஆடிய விர்ஜில் கார்ட்டர், பேராசிரியர் ராபர்ட் மேக்கோலுடன் சேர்ந்து 1971இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். களத்தின் எந்த இடத்தில் முதல் டவுன் கிடைத்தால் சராசரியாக எத்தனை புள்ளி எதிர்பார்க்கலாம் என்று அது கணக்கிட்டது. தம் கோல் கோட்டருகே நிற்கும் அணிக்கு அந்த மதிப்பு பூஜ்யத்துக்கும் கீழே. எதிரணிக் கோட்டை நெருங்க நெருங்க அது ஏறும். ஒரு நகர்வுக்கு முன்னும் பின்னும் உள்ள மதிப்புகளின் வித்தியாசமே அந்த நகர்வின் பயன். மூன்றாவது டவுனில் இரண்டு யார்டு தேவைப்படும்போது கிடைக்கும் மூன்று யார்டு பெரியது. எட்டு யார்டு தேவைப்படும்போது கிடைக்கும் ஏழு யார்டு சிறியது. இன்று எதிர்பார்ப்புப் புள்ளி என்ற பெயரில் எல்லா அணிகளும் பயன்படுத்தும் அளவைக்கு வேர் இதுதான்.

1988இல் பாப் கேரல், பீட் பால்மர், ஜான் தோர்ன் மூவரும் எழுதிய நூல் இன்னோர் எளிய அளவுகோலைத் தந்தது. முதல் டவுனில் தேவையான தூரத்தில் 40 சதவீதம், இரண்டாவதில் 60 சதவீதம், மூன்றாவதிலும் நான்காவதிலும் முழுவதும் கிடைத்தால் அந்த நகர்வு வெற்றி, இல்லையேல் தோல்வி. எத்தனை சதவீத நகர்வுகள் வெற்றி பெற்றன என்று பார்த்தால், ஒரே ஒரு 80 யார்டு பாய்ச்சல் கண்ணை மறைக்காது. புதிய பயிற்சியாளரைப் பொறுத்தவரை மொத்தப் புள்ளிகளைவிட இந்த விகிதம் நம்பகமானது. காரணம், ஒரு சீசனில் டச்டவுன்கள் சில டஜன்தான். நகர்வுகளோ ஆயிரத்துக்கும் மேல். சிறிய எண்ணிக்கையில் அதிர்ஷ்டம் ஆடும் ஆட்டம் பெரிய எண்ணிக்கையில் அடங்கிப்போகும். கைநழுவி உருளும் பந்து யார் மடியில் விழும் என்பதை எந்தப் பயிற்சியாளரும் கற்றுக்கொடுக்க முடியாது.

இந்த அளவைகளை வைத்துக்கொண்டு அட்லாண்டா பால்கன்ஸ் அணியின் நான்கு சீசன்களைப் பார்க்கலாம். இந்தக் கேள்விக்கு இதைவிட நல்ல ஆய்வுக்களம் அமைவது அரிது. 2015 முதல் 2018 வரை தலைமைப் பயிற்சியாளர் டான் குவின் மாறவில்லை; குவாட்டர்பேக் மாட் ரயன் மாறவில்லை; வீசிய பந்தைப் பிடிக்கும் முதன்மை ரிசீவர் ஜூலியோ ஜோன்ஸ் மாறவில்லை. தாக்குதல் பயிற்சியாளர் மட்டும் மாறினார். முதல் இரண்டு ஆண்டுகள் கைல் ஷனஹன். அடுத்த இரண்டு ஆண்டுகள் ஸ்டீவ் சார்கிசியன்.

ஷனஹன் வந்த 2015இல் அணி முதல் ஐந்து ஆட்டங்களையும் வென்றது. பிறகு சரிந்து, தொடர்ந்து ஆறு தோல்விகள் கண்டு, 8 வெற்றி 8 தோல்வி என்று முடித்தது. முந்தைய ஆண்டு 381 புள்ளி எடுத்த அணி அந்த ஆண்டு 339தான் எடுத்தது. 32 அணிகளில் 21ஆவது இடம். ரயன் 21 டச்டவுன் வீசினார், 16 முறை வீசிய பந்தை எதிரணிக்குப் பறிகொடுத்தார். ஸ்கோரை மட்டும் பார்த்தால் புதியவர் அணியைக் கெடுத்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும். ஆனால் யார்டு கணக்கில் அதே அணி லீக்கின் முதல் பத்துக்குள் இருந்தது. பந்து நகர்ந்துகொண்டுதான் இருந்தது. முடியும் இடத்தில்தான் கைநழுவியது. ஜோன்ஸ் 136 பந்துகள் பிடித்து 1,871 யார்டு சேர்த்தார். அவருக்கு அடுத்தபடியாகச் சொல்லிக்கொள்ளும்படி ரிசீவர் எவரும் இல்லை. ஷனஹனின் முறைக்கு முன்வரிசை வீரர்கள் ஒரே திசையில் பக்கவாட்டில் நகர்ந்து தடுக்க வேண்டும். அதற்கு நடுவில் நிற்கும் சென்டர் விரைவானவராக இருந்தாக வேண்டும். அப்படி ஒருவர் அப்போது அணியில் இல்லை.

2016இல் அலெக்ஸ் மேக் சென்டராக வந்தார். 2014இல் ஷனஹன் கிளீவ்லாந்தில் பணியாற்றியபோது அங்கே அவருடன் இருந்தவர். மொகமத் சனு, டெய்லர் கேப்ரியல் என இரண்டு ரிசீவர்கள் சேர்ந்தார்கள். முன்வரிசையின் ஐந்து பேரும் 16 ஆட்டங்களையும் ஒன்றாகத் தொடங்கினார்கள். காயங்கள் மலிந்த இந்த விளையாட்டில் அது பெரும் கொடுப்பினை. அணி 540 புள்ளி எடுத்து லீக்கில் முதலிடம் பிடித்தது. அன்றுவரையிலான லீக் வரலாற்றின் மிக உயர்ந்த பத்து மொத்தங்களுள் அது ஒன்று. ரயன் 38 டச்டவுன் வீசி 7 முறை மட்டுமே பறிகொடுத்து, அந்த ஆண்டின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். ஷனஹன் சான் பிரான்சிஸ்கோ அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார்.

2017 பிப்ரவரியில் ஹூஸ்டனில் நடந்த, லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை இங்கே விடமுடியாது. 28–3 என்று முன்னிலையில் இருந்த அட்லாண்டா, கூடுதல் நேரத்தில் 34–28 என்று நியூ இங்கிலாந்திடம் தோற்றது. ஆட்டம் முடிய ஐந்து நிமிடத்துக்கும் குறைவாக இருந்தபோது, எட்டுப் புள்ளி முன்னிலையுடன், எதிரணியின் 22 யார்டு கோட்டில் பந்து இருந்தது. ஓடி நேரத்தைக் கரைத்துவிட்டு மூன்று புள்ளி உதைத்திருந்தால் முன்னிலை 11 ஆகியிருக்கும். முதல் டவுனில் ஓடியதில் ஒரு யார்டு நட்டம். அடுத்து வீச முயன்றபோது ரயன் பின்னே வீழ்த்தப்பட்டார். தொடர்ந்து ஒரு தண்டனை. உதைக்கும் தூரம் கைவிட்டுப் போனது. இது தவறான தேர்வு. முடிவு தெரிந்ததால் தவறு என்று சொல்வதல்ல. நகர்வைச் சொன்ன கணத்திலேயே நட்டத்தின் அளவு லாபத்தைவிடப் பெரியது என்று தெரிந்திருந்தது. பயிற்சியாளரைக் குறை சொல்வதற்கான சரியான இடம் இத்தகைய முடிவுகள்தான். ஆனால் ஓர் இரவின் ஒரு முடிவு இரண்டு ஆண்டு உழைப்பின் மதிப்பைத் துடைத்துவிடாது, துடைக்கவும் இல்லை.

அடுத்து வந்த சார்கிசியனுக்கு இதைவிடக் கடினமான இருக்கை அமைந்திருக்க முடியாது. 540 புள்ளி எடுத்த அணி 2017இல் 353 புள்ளி எடுத்தது. முதலிடத்திலிருந்து 15ஆவது இடம். ரயன் 20 டச்டவுன், 12 பறிகொடுப்பு. அந்தப் பன்னிரண்டில் பல, ரிசீவர் கையில் பட்டுத் தெறித்துப் போனவை. ஜோன்ஸ் 1,444 யார்டு எடுத்தும் மூன்று டச்டவுன்தான். அணி பிளேஆஃப் என்னும் வெளியேற்றச் சுற்றில் பிலடெல்பியாவிடம் 15–10 என்று தோற்றபோது, கடைசி வாய்ப்பு இரண்டு யார்டு தூரத்தில் நின்றது. ரயன் வலப்பக்கம் ஓடி ஜோன்ஸுக்கு வீசிய பந்து கைசேரவில்லை. கோல் கோட்டருகே அணி திணறியது உண்மை, சார்கிசியனின் திட்டத்தில் அங்கே கற்பனை குறைவு என்ற விமர்சனத்திலும் உண்மை உண்டு. அதே வேளை, வரலாற்றின் உச்சத்தைத் தொட்ட அணி மறு ஆண்டு பெரும்பாலும் இறங்கத்தான் செய்யும். அந்த இறக்கத்தில் எவ்வளவு இயல்பானது, எவ்வளவு புதியவரால் நேர்ந்தது என்று பிரிக்காமல் 2016இன் அருகே 2017ஐ வைத்துப் பார்ப்பது அநியாயம்.

இரண்டாம் ஆண்டில் நடந்ததுதான் இந்த வரலாற்றின் சாரம். 2018இல் அணி 414 புள்ளி எடுத்து 10ஆவது இடத்துக்கு ஏறியது. ரயன் 35 டச்டவுன் வீசி 7 முறை பறிகொடுத்தார். ஷனஹனின் முதல் ஆண்டு 21க்கு 16, இரண்டாம் ஆண்டு 38க்கு 7. சார்கிசியனின் முதல் ஆண்டு 20க்கு 12, இரண்டாம் ஆண்டு 35க்கு 7. ஒரே குவாட்டர்பேக், இரண்டு முறை புது மொழி கற்றார். இரண்டு முறையும் முதலாண்டு தடுமாறி மறு ஆண்டு மலர்ந்தார். இரண்டு எடுத்துக்காட்டுகளை வைத்து விதி வகுக்க முடியாது. 2016இன் ஓட்ட வலிமை 2018இல் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் ஒரு புது முறை முதல் ஆண்டில் விலை கேட்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இருவருக்கும் கிடைத்த தீர்ப்போ நேரெதிர். 2018இல் தற்காப்பின் தூண்களான டியான் ஜோன்ஸ், கீனு நீல், ரிக்கார்டோ ஆலன் மூவரும் சீசன் தொடக்கத்திலேயே காயமடைந்தார்கள். செப்டம்பரில் அணி 37 புள்ளி எடுத்து நியூ ஆர்லியன்ஸிடம் தோற்றது; மறு வாரம் 36 புள்ளி எடுத்துச் சின்சினாட்டியிடம் தோற்றது. சீசன் 7 வெற்றி 9 தோல்வியில் முடிந்தது. சீசன் முடிந்த கையோடு குவின் தம் மூன்று பிரிவுப் பயிற்சியாளர்களையும் நீக்கினார். அவர்களில் சார்கிசியனும் ஒருவர். அவர் இடத்துக்கு, 2014இல் இதே பொறுப்பில் இருந்த டர்க் கோட்டர் திரும்பி வந்தார். 2014இல் அவர் தலைமையில் அணி எடுத்தது 381 புள்ளி, 2019இல் எடுத்ததும் அதே 381, மீண்டும் 7–9. சார்கிசியன் அலபாமா பல்கலைக்கழகம் போய், 2020இல் தேசியப் பட்டம் வென்ற அணியின் தாக்குதலை நடத்தி, கல்லூரிக் கால்பந்தின் மிகச் சிறந்த உதவிப் பயிற்சியாளருக்கான பிராய்ல்ஸ் விருதைப் பெற்றார். தோல்விக்குக் காரணமான பிரிவோடு சேர்ந்து காரணமல்லாத பிரிவும் தண்டனை பெற்றது என்பதே 2018இல் அட்லாண்டாவில் நடந்தது.

சீசன் நடுவிலேயே ஆளை மாற்றும்போது இந்தக் குழப்பம் இன்னும் கூடும். 2023 நவம்பர் 13 அன்று பஃபலோ பில்ஸ் 24–22 என்று டென்வரிடம் தோற்றது. கடைசி விநாடியில் டென்வரின் உதை தவறியது. ஆனால் பஃபலோ களத்தில் 12 பேரை நிறுத்தியிருந்ததால் மறு வாய்ப்பு கிடைத்தது, அது உள்ளே போனது. தவறு உதையைத் தடுக்கும் பிரிவினுடையது. மறுநாள் வேலையிழந்தவர் தாக்குதல் பயிற்சியாளர் கென் டார்சி. அப்போது அணி 5 வெற்றி 5 தோல்வி. பொறுப்பேற்ற ஜோ பிரேடியின் கீழ் மீதி ஏழு ஆட்டங்களில் ஆறில் வென்றது. மாற்றம் பலித்தது என்றே எல்லோருக்கும் தோன்றியது.

கணக்கைக் கூட்டிப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. முதல் பத்து ஆட்டங்களில் பஃபலோ எடுத்தது 262 புள்ளி, ஆட்டத்துக்கு 26.2. கடைசி ஏழில் 189, ஆட்டத்துக்கு 27. விட்டுக்கொடுத்தது முன்னே 18.4, பின்னே 18.1. குவாட்டர்பேக் ஜோஷ் ஆலன் முதல் பத்தில் 11 முறையும் அடுத்த ஏழில் 7 முறையும் வீசிய பந்தைப் பறிகொடுத்தார். ஏறத்தாழ எதுவும் மாறவில்லை. டார்சியின் ஐந்து தோல்விகளும் ஆறு புள்ளிக்குள்ளானவை. அந்த நூலிழை பிறகு மறுபக்கம் சாய்ந்தது. பிரேடி ஓட்டத்தைக் கூட்டியது உண்மை. அது பலன் தந்ததா என்று சொல்ல அந்த ஏழு ஆட்டங்கள் போதாது.

பயிற்சியாளரை நீக்குவது வழக்கமாக அணி அடிமட்டத்தில் இருக்கும்போது நடப்பதால், யார் வந்தாலும் கொஞ்சம் ஏற்றம் தெரியும். 2023இல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் மாட் கனடாவை நீக்கியது. அவர் பொறுப்பில் இருந்த இரண்டரை சீசன்களில் ஒரு முறைகூட 400 யார்டு தொடாத அணி, அடுத்த ஆட்டத்திலேயே 421 யார்டு எடுத்தது. அந்த ஆட்டத்தில் எடுத்த புள்ளி 16, அதற்கடுத்ததில் 10. பால்டிமோர் ரேவன்ஸ் 2012 டிசம்பரில் கேம் கேமரனை நீக்கி ஜிம் கால்டுவெல்லை அமர்த்தி, அதே சீசனில் சூப்பர் பவுலை வென்றது. பிளேஆஃபில் குவாட்டர்பேக் ஜோ பிளாக்கோ 11 டச்டவுன் வீசி ஒரு முறையும் பறிகொடுக்கவில்லை. மறு ஆண்டு கால்டுவெல்லுக்கு முழு சீசன் கிடைத்தது. பிளாக்கோ 19 டச்டவுன், 22 பறிகொடுப்பு.

தொடக்கத்தின் பளபளப்பும் ஏமாற்றும். 2023இல் பிலடெல்பியா ஈகிள்ஸ் புதிய தாக்குதல் பயிற்சியாளர் பிரயன் ஜான்சனுடன் 10–1 என்று தொடங்கியது. எதிரணிகள் பதிவுகளைப் பார்த்துப் பழகிய பிறகு 11–6 என்று முடித்து, பிளேஆஃபில் டாம்பாவிடம் 32–9 என்று வீழ்ந்தது. மறுமொழி சொல்ல வேண்டிய கட்டத்தில் அந்தத் தாக்குதலிடம் மறுமொழி இல்லை. ஒரு பயிற்சியாளரின் உண்மையான தேர்வு அந்தக் கட்டத்தில்தான் தொடங்குகிறது.

அப்படியானால் முதல் ஆண்டில் பார்க்கத் தக்கது எதுவுமே இல்லையா? உண்டு. பயிற்சியாளர் பில் வால்ஷ் ஆட்டத்துக்கு முன்பே முதல் 15 முதல் 25 நகர்வுகளை எழுதிவைக்கும் பழக்கத்தை நிலைநாட்டினார். இன்று பலரும் அதைப் பின்பற்றுகிறார்கள். எழுதிவைத்த நகர்வுகள் நன்றாக ஓடி, அவை தீர்ந்ததும் தாக்குதல் ஓய்ந்துபோனால், அந்தப் பயிற்சியாளர் வாரம் முழுக்கத் தயாரிப்பதில் வல்லவர், களத்தில் மாற்றி யோசிப்பதில் பின்தங்கியவர் என்று கொள்ளலாம். நகர்வு தாமதமாக வந்து கடிகாரம் தீர்ந்து தண்டனை வாங்குவது, குழப்பத்தால் டைம்அவுட்டை வீணாக்குவது, வீரர்கள் தவறான இடத்தில் நிற்பது ஆகியவை செப்டம்பரில் மன்னிக்கத் தக்கவை. நவம்பரிலும் தொடர்ந்தால் கற்பித்தலில் குறை. ஒரே மாதிரி அணிவகுத்து ஓட்டத்தையும் வீச்சையும் மாறி மாறிக் காட்டுகிறாரா, அணிவகுப்பைப் பார்த்தே எதிரணி ஊகித்துவிடுகிறதா என்பதும் சீக்கிரம் தெரிந்துவிடும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, இருக்கும் வீரர்களுக்கு ஏற்றபடி முறையை வளைக்கிறாரா என்பது. முறைக்கு வீரர்களை வளைப்பவருக்கு 2016இல் அட்லாண்டாவுக்குக் கிடைத்ததுபோல் புதிய சென்டர் எல்லா நேரத்திலும் கிடைக்கமாட்டார்.

நகர்வைச் சொல்பவர் யார் என்பதையும் முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். கான்சஸ் சிட்டியில் 2018 முதல் 2022 வரை எரிக் பியனமி தாக்குதல் பயிற்சியாளர். ஆட்டத்தன்று நகர்வைச் சொன்னவர் தலைமைப் பயிற்சியாளர் ஆண்டி ரீட், களத்தில் நின்றவர் குவாட்டர்பேக் பேட்ரிக் மகோம்ஸ். அந்த வெற்றிகளில் பியனமியின் பங்கை வெளியிலிருந்து அளக்க வழி இல்லை. 2023இல் அவர் தனிப் பொறுப்புடன் வாஷிங்டன் போனபோது அணி 4–13 என்று முடித்தது; அனுபவமற்ற குவாட்டர்பேக்கும் பலவீனமான முன்வரிசையும் இருந்த அந்த அணியை வைத்தும் அவரை அளக்க முடியாது. இதைப் போலவே 2023இல் நியூயார்க் ஜெட்ஸ் அணியில் தாக்குதல் பயிற்சியாளராகச் சேர்ந்த நாதானியல் ஹேக்கெட்டின் திட்டம் முழுவதும் குவாட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸை நம்பியது. அவர் தம் நான்காவது நகர்விலேயே குதிகால் தசைநார் அறுந்து வெளியேறினார். அந்த சீசனை மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொள்வதே பொருந்தாது.

ஜோ பிரேடியின் வழி இவை அனைத்தையும் ஒரே வாழ்க்கையில் காட்டுகிறது. 2019இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணியின் வீச்சுத் திட்டத்தை அவர் கவனித்தார். முந்தைய ஆண்டு 16 டச்டவுன் வீசிய குவாட்டர்பேக் ஜோ பரோ அந்த ஆண்டு 60 வீசினார். அணி 15 ஆட்டங்களையும் வென்றது. பிராய்ல்ஸ் விருது பிரேடிக்கு. 2020இல் கரோலினா பாந்தர்ஸ் அணியின் தாக்குதல் பயிற்சியாளர் ஆனார். நட்சத்திர ஓட்டக்காரர் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி அந்த ஆண்டு ஆடியது மூன்று ஆட்டம். இரண்டு ஆண்டில் குவாட்டர்பேக்கும் நிலையாக இல்லை. 2021 டிசம்பரில், சீசன் முடியுமுன்பே, வேலை போனது. பஃபலோவில் குவாட்டர்பேக் பயிற்சியாளராகத் தொடங்கி, டார்சியின் இடத்துக்கு வந்து, 2024இல் முதல் முழு சீசனை நடத்தினார். முதன்மை ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸ் அதற்குமுன் ஹூஸ்டனுக்கு மாற்றப்பட்டிருந்தார். அணி 525 புள்ளி எடுத்தது. முந்தைய ஆண்டு 18 முறை வீசிய பந்தைப் பறிகொடுத்த ஆலன் அந்த ஆண்டு ஆறு முறை மட்டுமே பறிகொடுத்து, லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். 2023இன் ஏழு ஆட்டங்கள் சொல்ல முடியாததை இந்தப் பதினேழு ஆட்டங்கள் சொல்லின.